கண்ணாடியின் உட்புறம்

1979 ஜனவரி. பொங்கல் கழிந்த வெள்ளிக்கிழமை, விடிந்தும் விடியாத நேரத்தில் செல்லக்கனி ஏழாவது கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வாடைக்காற்று இரவெல்லாம் உப்புப்பொடியை வாரி வந்து கண்ணாடிகளில் போட்டிருந்தது. அதன்மேல் பனி இறங்கி வெள்ளைச் சாந்து பூசினதுபோல் ஆகியிருந்தது. வெயில் ஏறுமுன் துடைத்தால் பனியின் ஈரத்திலேயே வழிந்துவிடும். பிந்தினால் காய்ந்து பொருக்காகிவிடும். பகலெல்லாம் உப்புப் பாத்தியில் கிடக்கும் அவள் விரல்கள் இந்தக் குளிரில் கணுவுக்குக் கணு வெடித்திருந்தன. நான்கு கண்ணாடிக்கு ஒருமுறை நிறுத்தி, இடுப்பில் செருகியிருந்த புட்டியைத் திறந்து தேங்காயெண்ணெய் தேய்த்துக்கொண்டாள். உப்பளத்தில் எல்லாப் பெண்களும் செய்வதுதான்.

போன பங்குனியில் உப்பு முதலாளியும் சென்னையிலிருந்து வந்தவர்களும் சேர்ந்து, உப்புத்தண்ணீரை நல்ல தண்ணீராக்க அமைத்தது அது. அடியில் கறுப்புப் பூசிய பன்னிரண்டு சிமெண்டுத் தொட்டிகள், ஒவ்வொன்றின் மேலும் சாய்வாக ஒரு கண்ணாடி. தொட்டியில் கிணற்று உப்புத்தண்ணீரை ஊற்றினால் வெயிலில் சூடாகி, ஆவி கண்ணாடியின் உட்புறத்தில் படிந்து, தகர வாய்க்கால் வழியாகக் கேனில் இறங்கும். அதில் கொஞ்சம் லாரி பேட்டரிகளுக்குப் போகும். மீதி, உப்பளத்து வரிசையில் இருந்த ஐந்து வீடுகளுக்கு நாளுக்கு ஒரு குடம். அதற்கு முன்னால் அவர்கள் குடிதண்ணீருக்கு மூன்று மைல் நடந்தார்கள்.

சித்திரையில் நாளுக்கு நூற்றிருபது லிட்டர் வந்தது. இப்போது வானம் பளிச்சென்றிருந்தும் நாற்பத்தைந்தைத் தாண்டவில்லை. திங்கட்கிழமை சென்னையிலிருந்து வந்து அளப்பார்கள். எழுபதுக்குக் குறைந்தால் எல்லாவற்றையும் பிரித்து எடுத்துப்போய்விடுவார்கள் என்று கடிதம் வந்திருந்தது.

"ஏளா, தொடச்சித் தொடச்சி உன் மூஞ்சியத்தான பாக்க?" என்று பாத்திக்குப் போகிற வழியில் சந்தனமாரி கேட்டாள். அடுத்த வீட்டுக்காரி.

"ஆமா, ராசாத்தி மூஞ்சி. நீயும் வந்து பாரு."

"எனக்கெதுக்கு? திங்கக்கெழமைக்குப் பெறகு நடக்கதுக்கு இப்பவே கால நீவி வச்சிக்கிடுதேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் நின்று கேனுக்குள் எட்டிப் பார்த்துவிட்டே போனாள்.

தொட்டிகளுக்குப் பொறுப்பாளர் ஜெயசிங், நாசரேத்துக்காரர், எட்டு மணிக்குச் சைக்கிளில் வந்தார். மூன்று இரவுகளாகக் கணக்குப் போட்டிருந்தார். குளிர்காலத்து வெயிலுக்கு எண்பது வரவேண்டும். தொட்டியில் ஒழுக்கு இல்லை, வாய்க்காலில் அடைப்பும் இல்லை. வெளிநாட்டிலிருந்து வரவழைத்த புத்தகத்தைப் பிரித்துத் தொட்டி விளிம்பில் வைத்தபோது, செல்லக்கனி ஒரு படத்தைக் கண்டாள். தடித்த கோட்டுப் போட்ட ஆட்கள் சாய்ந்த கண்ணாடிக் கூரையிலிருந்து வெள்ளையாக எதையோ நீளக் கழியில் பொருத்திய பலகையால் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"நம்மள மாதிரியே வாருதாவளே. அங்கயும் உப்பளமா சார்?"

"உப்பு இல்லக்கா. ஐஸ். அந்த ஊர்ல வானத்துலருந்து பஞ்சு மாதிரி விழும். முழங்கால் ஒசரத்துக்கு."

அவள் படத்தை நெடுநேரம் பார்த்தாள். இரக்கப்பட்ட குரலில், "அந்தக் குளிருக்கு இவுக கைக்கு என்னத்தத் தேய்க்காவ?" என்றாள்.

"ஒண்ணும் தேய்க்க மாட்டாங்க. உறை போட்டிருக்காங்க, பாருங்க." சொல்லிவிட்டு ஜெயசிங் அவள் கைகளைப் பார்த்தார். படத்தின் ஓரத்தில் அவள் விரல் பட்ட இடம் எண்ணெய் ஊறி நிழலாகியிருந்தது. "நீங்க என்ன தேய்க்கிய?"

"தேங்காண்ணெதான்."

"சனிக்கெழம கண்ணாடியக் கழத்தி உள்பக்கம் தொடைக்கும்போதுமா?"

"அது இல்லாம உப்புத்தண்ணி பட்டா உசுரு போயிருமே சார்."

அவர் எழுந்துபோய் ஒரு தொட்டியின் முன்னால் குந்தினார். வெயில் ஏறியிருந்தது. கண்ணாடியின் உள்ளே ஆவி முத்து முத்தாகக் கோத்து நின்றது. ஒரு முத்து பெருத்தது, வழியாமல் அப்படியே தொட்டிக்குள் சொட்டியது. அடுத்தது. அதற்கடுத்தது. இத்தனை நாள் அதைப் பார்த்தும் பார்க்காமல் இருந்திருக்கிறோம் என்று தோன்றியது. சுத்தமான கண்ணாடியில் தண்ணீர் பரவி வழியும். எண்ணெயில் அது ஒட்டாது.

அவர் சொல்லி முடித்ததும் செல்லக்கனி முந்தானையில் கையைத் துடைத்தாள், மறுபடி துடைத்தாள். "அப்பம் தண்ணியக் கெடுத்தது நாந்தானா?"

"நானும்தான். கண்ணாடியப் பாத்தேன், கையப் பாக்கல."

கேனில் இருந்த தண்ணீர் லாரிக்குப் போயாகிவிட்டது. எண்ணெய் போகச் சீயக்காய் போட்டுக் கழுவலாம். ஆனால் கடைசி அலசலுக்கு நல்ல தண்ணீர் வேண்டும், கிணற்றுத் தண்ணீர் காய்ந்தால் உப்புப் பூக்கும். பன்னிரண்டு கண்ணாடிக்கு மூன்று குடமாவது ஆகும். அதை யாரிடம் கேட்பது என்று அவளுக்குத் தெரியும். எப்படிக் கேட்பது என்றுதான் தெரியவில்லை. சாயங்காலம் வீடு வீடாகப் போய், எதையும் மறைக்காமல் சொன்னாள். முதல் இரண்டு வீட்டிலும் கேட்டுவிட்டுக் குடத்தை மூடிவைத்தார்கள்.

"ஊரே எண்ணெ தேய்க்கி, ஒன் கைக்கு மட்டும் தனிச் சட்டமா?" என்றாள் சந்தனமாரி. பிறகு உள்ளே திரும்பி, "ஏலே மாசானம், அந்தக் கொடத்துல வாய வச்சிராத" என்று மகனை அதட்டினாள்.

சனிக்கிழமை ஐந்து வீட்டுக் குடங்களும் தொட்டிகளின் அருகே நின்றன. பெண்கள் முதலில் தங்கள் கைகளை முழங்கைவரை சீயக்காய் போட்டுத் தேய்த்துக் கழுவினார்கள். வெடிப்புகளில் காந்தியது; கிண்டல் பேசிக்கொண்டே கண்ணாடிகளைக் கழற்றினார்கள். செல்லக்கனியின் சுண்டுவிரல் வெடிப்பில் இரத்தம் கசிந்தது. அவள் அந்த விரலை மட்டும் மடக்கிக்கொண்டு அலசினாள். அன்று ஐந்து வீட்டிலும் தண்ணீருக்குப் பதிலாகப் பதநீரைக் காய்ச்சிக் குடித்தார்கள்.

ஞாயிறு காலை ஜெயசிங் சர்ச்சுக்குப் போகாமல் வந்தபோது அவர்கள் முன்பே அங்கே நின்றார்கள். ஒருத்தியும் கண்ணாடியைத் தொடவில்லை. மருதாணி இட்டுக் காய்வதற்கு நிற்பவர்களைப்போல விரல்களை விரித்து, கைகளை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்திருந்தார்கள். பத்து மணி வெயில் தொட்டிகளுக்குள் விழுந்தது. கண்ணாடியின் உள்ளே முதலில் மூச்சு விட்டதுபோல் ஒரு மங்கல். பிறகு அந்த மங்கல் தெளிந்து, முத்துக்கள் எதுவும் இல்லாமல், ஒரே விரிப்பாகத் தண்ணீர் மெல்ல வாய்க்காலை நோக்கி நகரத் தொடங்கியது.