நோன்பு மாதத்து மாத்திரைக் கிண்ணம்

1

இக்கதை கோணிப்போன ஒரு ரவிக்கைக் கையிலிருந்து பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பூந்தமல்லியில் எங்கள் தெருமுனையில் தையல் கடை வைத்திருப்பவர் ஜுலைகா. நூல் பிடித்தாற்போல் தைப்பவர். பெருநாள் கழிந்து சில வாரங்களில் அவர் தைத்துத் தந்த ரவிக்கையின் இடக்கை, வலக்கையைவிட விரலளவு குட்டையாக இருந்தது. "ஒன்றுமில்லை, சும்மா கேட்கிறேன், தவறாக எண்ண வேண்டாம்" என்று நான் இழுத்தேன். அவர் தம் கையை என் முன் நீட்டினார். விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன.

"பாருக்கா. ஊசில நூல் கோக்க முடியல. நெஞ்சு வேற ரயிலாட்டம் ஓடுது."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, "கதை எழுதப் போறேன்னு சொல்லிகினே கீறியே, இத எழுது. ஆனா கோவமா எழுது. நீ தயவுசெஞ்சு, மன்னிக்கணும்னு ஆரம்பிச்சு டாக்டருக்கு மாலை போட்ருவ" என்றார்.

மன்னிக்கவும், அப்படிச் செய்ய மாட்டேன். (பார்த்தீர்களா?)

கதைக்குள் அவரை "அவள்" என்று எழுதுகிறேன். அவரே கேட்டுக்கொண்டது. "அவர்னு எழுதுனா யாரோ மாதிரி கீது."

2

முதல் வரைவின் தொடக்கம்: "மருத்துவம் என்னும் மகத்தான தொண்டில் சிற்சில சமயங்களில் எதிர்பாராத வகையில் நேர்ந்துவிடக்கூடிய…" கைவிட்டேன்.

இரண்டாவது: "தைராய்டு சுரப்பி கழுத்தின் முன்புறத்தில்…" பாடநூல். கைவிட்டேன்.

மூன்றாவதை ஜுலைகாவே சொன்னாள்: "வாயத் தொற."

அதுதான் தொடக்கம். ஆனால் அதற்குப் போய்ச் சேர முதலில் கிண்ணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

3

ஜுலைகாவுக்குத் தைராய்டு சுரப்பு குறைவு. ஆண்டுக்கணக்காகக் காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் ஒரு மாத்திரை. மதியச் சாப்பாட்டுக்குப் பின் சுண்ணாம்புச்சத்து மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும். இந்த இடைவெளியை யாரும் சொல்லித் தரவில்லை, தானாக அமைந்துவிட்டது. நோன்பு வந்தது. மதியச் சாப்பாடு போயிற்று.

அவள் கணவர் நஜீர் அக்கறையுள்ளவர். (இச்சொல்லை இருமுறை அடித்தேன். மூன்றாம் முறையும் அதுவே வந்தது.) நோன்பு மாதத்தில் வீட்டு மாத்திரைகளையெல்லாம் பிரித்து ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு, விடியுமுன் உண்ணும் சஹர் சாப்பாட்டின்போது தட்டருகே வைப்பது அவர் வழக்கம். பள்ளிவாசலில் விடியல் தொழுகைக்குப் பாங்கு சொல்லிவிட்டால் தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்காது. அதற்குள் எல்லாம் உள்ளே போய்விட வேண்டும்.

"ஒரே வாயா போட்டுக்க ஜுலைகா, டைம் ஆயிப்போச்சு."

போட்டுக்கொண்டாள், பால் டீயோடு. மாதம் முழுக்க.*

(* சுண்ணாம்புச்சத்தும் இரும்புச்சத்தும் தைராய்டு மருந்தைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும், ரத்தத்தில் சேர விடாது. இரண்டுக்கும் நடுவே நான்கு மணி நேரமாவது வேண்டும். இது ரகசியமன்று. மருத்துவம் படித்தோர் அனைவரும் அறிந்தது. அனைவரும் அறிந்த ஒன்றை, விழுங்குகிறவளுக்கு மட்டும் ஏன் சொல்லவில்லை? அடிக்குறிப்பில் கேள்வி கேட்கலாகாது என்று படித்திருக்கிறேன். கேட்கிறேன்.)

4

நோன்பு முடியும் தறுவாயில் ஜுலைகாவின் உடல் கனத்தது. முகம் ஊதியது. தையல் இயந்திரத்தின் மேலேயே தலைசாய்த்து உறங்கினாள். ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். அளவு எகிறியிருந்தது; மருந்து போதவில்லை என்பதற்கு அடையாளம்.

மருத்துவருக்கு நான் பெயர் வைக்கவில்லை. மரியாதையினால் அன்று. அவர் அவள் பெயரைக் கேட்கவில்லை.

தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் நஜீரிடம் சொன்னார்: "மாத்திரைய ஒழுங்கா போடுறதில்ல. டோஸ் ஏத்துறேன். பக்கத்துல நின்னு பாத்துக்குங்க."

"இல்ல சார், ஒரு நாள்கூட வுட்டதில்ல…" என்றாள் ஜுலைகா.

"நீங்க பொய் சொல்லலாம். ரிப்போர்ட் பொய் சொல்லாதும்மா."

நஜீர் மருந்துச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பேருந்து நிறுத்தத்தில்தான் கேட்டார்: "கிண்ணத்துல நாந்தானே வெச்சேன்? இன்னா பண்ண, துப்பிட்டியா?"

மறுநாளிலிருந்து தினமும் தண்ணீர்த் தம்ளரோடு எதிரே நின்றார். அவள் விழுங்கிய பின், "வாயத் தொற. நாக்கத் தூக்கு."

நாற்பத்திரண்டு வயதுப் பெண். ஊரார் தம் உடம்பின் அளவையெல்லாம் நம்பி ஒப்படைக்கும் பெண். தன் வீட்டு அடுப்படியில் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினாள்.

இங்கே ஒரு நீதிவாக்கியம் எழுதியிருந்தேன். நீக்கிவிட்டேன். நாக்குப் போதும்.

பெருநாள் கழிந்ததும் மாத்திரைகள் தத்தம் வேளைக்குத் திரும்பின. இப்போது தைராய்டு மருந்தைத் தடுக்க எதுவுமில்லை. ஏற்றிக் கொடுத்த அளவு முழுமையாக ரத்தத்தில் இறங்கியது. நெஞ்சு படபடத்தது, கை நடுங்கியது, சதை கரைந்தது.

"ஒழுங்கா போட்டா எப்டி வேல செய்து பாத்தியா?" என்றார் நஜீர்.

தயவுசெய்து இவ்வரியை… இல்லை. தயவு ஒன்றுமில்லை. இவ்வரியை இன்னொரு முறை படியுங்கள்.

5

கோணல் ரவிக்கைக்குப் பின், ஆவடியில் எனக்குத் தெரிந்த மருத்துவர் ஜெயப்பிரியாவிடம் அவளை அழைத்துப் போனேன். நஜீரும் வந்தார். ஜெயப்பிரியா பழைய ரத்தப் பரிசோதனைத் தாளையும் புதிதாக எடுத்த தாளையும் பார்த்தார். நடுங்கும் கையைப் பார்த்தார்.

"நோன்பு மாசத்துல மாத்திரையெல்லாம் எப்பம்மா போட்டீங்க?"

"சஹருக்குங்க. எல்லாம் ஒண்ணா."

"எல்லாம்னா?"

ஜுலைகா சொன்னாள். ஜெயப்பிரியா பேனாவைக் கீழே வைத்தார். "நீங்க ஒரு மாத்திரையும் விடலம்மா. உள்ள போனது உடம்புல சேரல, அவ்வளவுதான். இப்ப டோஸ்தான் அதிகம்."

ஜுலைகா அழுதாள் என்று எழுதியிருந்தேன். அழவில்லை. நஜீரைப் பார்த்தாள். நஜீர் மின்விசிறியைப் பார்த்தார்.

ஒரு கேள்வி. ஒரு மூச்சில் கேட்டு முடிக்கக்கூடிய கேள்வி. அதைக் கேட்க நேரமில்லாதவருக்கு, ஒரு பெண்ணைப் பொய்க்காரி என்று சொல்ல நேரம் இருந்திருக்கிறது. அவள் வீட்டுக்குள்ளேயே ஒரு காவற்காரரை நியமித்து அனுப்ப நேரம் இருந்திருக்கிறது. நான் ஆத்திரப்படுகிறேன். பழக்கமில்லை, எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுக்காவிட்டாலும் சரி.

6

முதல் முடிவு: திரும்பும் வழியில், பருத்திப்பட்டு ஏரிக்கரையில், இதமான காற்றில் நஜீர் மன்னிப்புக் கேட்கிறார். ஜுலைகா படித்துவிட்டுச் சிரித்தாள். "ஏரிகிட்ட நாங்க எறங்கவே இல்லியேக்கா."

இரண்டாம் முடிவு: நான் அந்த முதல் மருத்துவரிடம் சென்று இரண்டு பக்கத்துக்கு முழங்குகிறேன். நானா? குட்டைக் கைக்கே மன்னிப்புக் கேட்டவள் நான்.

மூன்றாவது, நடந்தது. மறுநாள் காலை. குறைக்கப்பட்ட மாத்திரையை விழுங்கினாள். பழக்க தோஷத்தில் நஜீர் தம்ளரோடு எதிரே நின்றார். எதற்கு நிற்கிறோம் என்று அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

"இன்னாங்க, வாயத் தொறக்கட்டா?"

"வுடு ஜுலைகா."

"வுட முடியாது. இப்ப நீங்க தொறங்க. அந்தாளு என்னைப் பொய்க்காரின்னப்ப பக்கத்துலதானே குந்திகினு இருந்தீங்க? கிண்ணத்த வெச்சவரு நீங்க. ஒரு வார்த்த சொன்னீங்களா? இப்ப சொல்லுங்க. கேப்போம்."

நஜீர் வாயைத் திறந்தார்.

"………………………………"

இவ்விடத்தை நான் நிரப்பப்போவதில்லை. நீங்கள் நிரப்புங்கள். "தெரியாம நடந்துபோச்சு" என்று மட்டும் எழுதாதீர்கள். வரைவில் நான் அதைத்தான், மிகப் பணிவாக, எழுதியிருந்தேன். சில வாரம் கழித்து ஜுலைகா படித்தாள். துணியில் குறியிடும் சாக்குக்கட்டியை எடுத்து அதன் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள்.

கோடு நேராக இருந்தது.