குப்புறக் கிடந்த போன்

எலும்பு அறுக்கும் ரம்பம் ஓடத் தொடங்கிவிட்டால் அந்த இறைச்சி வெட்டும் கூடத்தில் பக்கத்தில் நிற்பவன் செத்து விழுந்தால்கூடத் தெரியாது. கண்ணால் பார்த்தால்தான் உண்டு. புல்டோசர் ஓர் ஆட்டின் முன்னங்காலை ரம்பத்துக்குள் தள்ளினான். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிற மாதிரி ஒரு சத்தம், வெள்ளையாக எலும்புத்தூள், கால் இரண்டாயிற்று. தலையைத் தூக்கிச் சுவரோர ஸ்டீல் அலமாரியைப் பார்த்தான். அடுத்த கால். மறுபடி அலமாரி. ஒரு மாதமாகக் கழுத்துக்கு இதே வேலைதான். கோழி தண்ணீர் குடிக்கிற மாதிரி இருக்கிறது என்று கூடம் முழுக்கச் சொல்லிச் சிரித்து, இப்போது சிரிப்புக்கே அலுத்துவிட்டது.

புல்டோசர் என்பது கூடத்தில் வைத்த பெயர். ஆள் ஒரு கதவளவு இருப்பான். கத்தியோடு நடந்து வந்தால் புதிதாகச் சேர்ந்தவர்கள் சுவரோடு ஒட்டிக்கொள்வார்கள். உள்ளே எல்லாம் பஞ்சு. ஒருமுறை தன் கட்டைவிரலில் இரண்டு சொட்டு ரத்தம் வந்ததைப் பார்த்து, தொங்கிக்கொண்டிருந்த ஆடுகளுக்கு நடுவில் மயங்கி விழுந்தான். "இதுல எது ஆடு, எது நம்ம ஆளுன்னு பிரிச்செடுக்கவே நேரமாச்சு" என்று சூப்பர்வைசர் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். பிறந்ததிலிருந்து அவன் ஒரு மனிதனைக் கைநீட்டி அடித்ததில்லை. தேவைப்பட்டதும் இல்லை. போய் நின்றால் போதும், எதிரில் இருப்பவர் மீதியைக் கற்பனை செய்துகொள்வார்.

அந்தப் போய் நிற்கிற வேலையைத்தான் தங்கைக்காக அவன் சில வருடங்களாகச் செய்துகொண்டிருந்தான்.

தங்கையின் கணவன் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தனக்கென்று இருக்கும் தனி பிரேக்கை மிதிக்கிற உத்தியோகம். யாரிடமும் குரலை உயர்த்தமாட்டான். வண்டியைச் சுவரில் ஏற்றுகிறவர்களிடம்கூட "பரவால்லைங்க, அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்பான். வீட்டுக்கு வந்தால் வாய் அப்படியேதான் இருக்கும், கை மட்டும் வேறு ஆளாகிவிடும். கதவைச் சற்றுச் சத்தமாகச் சாத்தினால் முதுகில் விழும். ஏன் என்று கேட்டால் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதுவான். தங்கை பிரிந்து வருவதாயில்லை. "நீ ஒரு தடவ வந்து நின்னுட்டுப் போனா ரெண்டு மாசம் ஒழுங்கா இருக்காருண்ணே" என்பாள், மழைக்கு முன் கூரைக்கு ஒட்டுப்போடுவதைப் பற்றிச் சொல்கிறவள் போல.

அதற்கு ஓர் ஏற்பாடு இருந்தது. புல்டோசரின் பழைய போனில் மேல் மூலையில் கடுகளவு ஒரு விளக்கு. யார் கூப்பிட்டாலும் அது பச்சையாக மின்னும். தங்கைக்கு மட்டும் சிவப்பு. இடது கையில் கத்தி படாமலிருக்க இரும்பு வலைக் கையுறை, அதன்மேல் கொழுப்பும் ரத்தமும், காதில் அடைப்பு. ரம்பம் ஓடினால் அலமாரியே அதிர்வதால் அதன்மேல் வைத்த போன் அதிர்ந்தாலும் தெரியாது. அந்தச் சிவப்புப் புள்ளி ஒன்றுக்குத்தான் கூடத்துக்குள் வர வழி தெரிந்திருந்தது. ஒரு மிஸ்டு கால். புள்ளி மின்னும். புல்டோசர் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு, இரண்டு கிலோ கறியைப் பையில் போட்டுக்கொண்டு போய்த் தங்கை வீட்டு வாசலில் நிற்பான். "இந்தப் பக்கமா வந்தேன் மாப்ள." மாப்பிள்ளையின் தூக்கிய கை கறிப்பையை வாங்கிக்கொள்ளும்.

இதைக் கெடுத்தது அவன் வாய்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது, தங்கை அடுக்களையில் தன் போனைத் தொலைத்துவிட்டுத் தேடினாள். கிடைத்ததை எடுத்தபோது எதுவோ தெரியாமல் அழுந்த, மேசைமேல் இருந்த புல்டோசரின் போன் சிவப்பாக மின்னியது. "இது மட்டும் ஏன் மச்சான் சிவப்பா எரியுது?" என்றான் மாப்பிள்ளை. சும்மா ஏதோ ஆகிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு நல்ல ஜோக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டால் அதை விழுங்கத் தெரியாத ஜென்மம் அவன்.

"அது என் தங்கச்சிக்குன்னு தனியா வச்சது மாப்ள. ஃபயர் இன்ஜின் மாதிரி. எங்கயாச்சும் புகைஞ்சா எரியும்."

மாப்பிள்ளைதான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தான்.

அடுத்த மாதமே ஒரு புதுப்போன் வாங்கி வந்தான். "இந்தக் காலத்துல இப்படி ஒரு போனா மச்சான்? எனக்கே கூச்சமா இருக்கு." கண்ணாடி மாதிரி வழுவழுவென்று, உள்ளங்கையை நிறைத்துக்கொண்டு இருந்தது. பழையதைக் கொடுத்தால் கடையில் கழித்துக்கொள்வார்கள் என்று கையோடு வாங்கிக்கொண்டும் போனான். புல்டோசருக்குக் கண் கலங்கிவிட்டது. ஆள் திருந்திவிட்டான் என்று மனைவியிடம் சொன்னான். அவள் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

மறுநாள்தான் விளக்கைத் தேடினான். மூலையில் இல்லை, பின்னால் இல்லை, விளிம்பில் இல்லை. போன் கடைக்காரன் பரிதாபமாகப் பார்த்தான். "இப்ப எந்தப் புதுப்போன்லயும் அது வராதுண்ணே. முகம் பூரா ஸ்கிரீன் ஆயிடுச்சு, விளக்குக்கு எடம் எங்க?" பழையது ஏதாவது கிடைக்குமா என்று தேடியதில் ஒன்று கிடைத்தது, பாட்டரி வீங்கி, பிரசவத்துக்குப் போகிற நிலையில்.

பிறகு வந்ததெல்லாம் வைத்தியம். வருகிற சேதிக்கெல்லாம் ஸ்கிரீன் எரியும்படி வைத்தான். பல்பொடி விளம்பரத்துக்கும் கடன் விளம்பரத்துக்கும் நாளெல்லாம் எரிந்ததே தவிர, எது யார் என்று அவ்வளவு தூரத்திலிருந்து தெரியவில்லை. நடுவே போய்ப் பார்க்கலாமென்றால், கையுறையைக் கழற்றினால் முழங்கைவரை மருந்து போட்டுக் கழுவிவிட்டுத்தான் மறுபடி இறைச்சியைத் தொடவேண்டும். நான்காவது முறை கழுவும்போது, "உனக்கு வயிறா, கையா, எதுல கோளாறு?" என்றார் சூப்பர்வைசர். கடைசியில் கடைக்காரன்தான் ஒரு வழி சொன்னான். தங்கை கூப்பிட்டால் மட்டும் பின்னாலிருக்கும் கேமரா லைட் பளிச் பளிச்சென்று அடிக்கும். ஆனால் லைட் முதுகில் இருப்பதால் போனைக் குப்புறப் போட்டு வைக்கவேண்டும். மனைவியைத் தங்கை வீட்டுக்கு அனுப்பி, ஏதோ சாக்கில் அவள் போனை வாங்கிக் கூப்பிடச் சொல்லி ஒத்திகை பார்த்தபோது கூடமே வெளுத்து, தொங்கிய ஆடுகள் எல்லாம் ஒருகணம் போட்டோவுக்கு நின்றன. "யாருக்குடா கல்யாணம்?" என்று கத்தினார்கள்.

தங்கையிடம் மட்டும் விளக்கு போன கதையைச் சொல்லவில்லை. அந்தச் சிவப்புப் புள்ளியை நம்பித்தான் அவள் ராத்திரி தூங்குகிறாள். அது இல்லை என்று எந்த வாயால் சொல்வது? ஜோக்கு சொன்ன வாயாலா?

அன்றைக்கு மத்தியானம் கடைசிக் காலை அறுத்து முடித்து, ரம்பத்தை நிறுத்தி, கையுறையைக் கழற்றப் போனவன் அலமாரியைப் பார்த்து அப்படியே நின்றான். போன் மல்லாந்து கிடந்தது.

கூடத்தைக் கழுவுகிற அக்கா ஈரத்துணியோடு பக்கத்தில் நின்றாள். நல்ல மனுஷி. எல்லாவற்றையும் துடைத்து, அதனதன் இடத்தில் நேராக வைக்கிறவள்.

"போன் குப்புறக் கெடந்துச்சுய்யா. ஸ்கிரீன்ல கீறல் விழுமேன்னு நிமித்தி வச்சேன்."

வலது கையை வெள்ளைக் கோட்டில் துடைத்துக்கொண்டு எடுத்தான். தங்கை. மிஸ்டு கால், ஏழு. எப்போதும் ஒன்றுதான் வரும். ஏழு முறை அந்த லைட் ஸ்டீல் அலமாரிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு பளிச் பளிச்சென்று அடித்திருக்கிறது.

கோட்டைக் கழற்றவில்லை. இடது கை இரும்புக் கையுறையும் அப்படியே. போனைக் கோட்டுப் பையில் திணித்துக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தான். சிக்னலில் நின்றபோது பக்கத்துக் காரில் இருந்த பெண் அவன் மார்பையும் கையையும் பார்த்துவிட்டுக் கண்ணாடியை ஏற்றினாள். "ஆட்டு ரத்தம்மா" என்றான் மூடிய கண்ணாடியிடம். தைரியம் வரட்டும் என்று மனதுக்குள் ஒரு ஜோக்குத் தேடினான். ஒன்றும் அகப்படவில்லை.

தங்கை வீட்டுக் கதவு தாழ் போடாமல் இருந்தது. ஜன்னல் திரையெல்லாம் இழுத்து மூடி, பகலிலேயே அறை மங்கலாகக் கிடந்தது. மாப்பிள்ளை சோபாவில் உட்கார்ந்து கால்நகம் வெட்டிக்கொண்டிருந்தான். வெட்டியதை ஒரு காகிதத்தில் ஒழுங்காகச் சேர்த்திருந்தான்.

"வாங்க மச்சான். கறி கொண்டு வரலையா?" என்றான். பிறகு அதே மெல்லிய குரலில், "ரொம்ப நேரமா கூப்பிட்டாளே. ஃபயர் இன்ஜின்ல லைட்டு எரியலையா?"

புல்டோசர் அவனைத் தாண்டி அடுக்களைக்குப் போனான். தங்கை ஃப்ரிட்ஜில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் வலது கை, ஈரத் துண்டில். துண்டின் நுனியில் தெரிந்த விரல்கள் விரல் போகக்கூடாத பக்கமெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தன. கரண்டி வைக்கிற டிராயர் பாதி திறந்திருந்தது. அதன் விளிம்பில் ரத்தமும், பிய்ந்த ஒரு நகமும். மயக்கம் வரும் என்று சுவரைப் பிடித்துக்கொண்டான். வரவில்லை.

"ஒரு கைய டிராயருக்குள்ள வைக்கச் சொன்னாருண்ணே" என்றாள். அழவில்லை. வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வது போலிருந்தது. "இன்னொரு கையால உன்னக் கூப்பிடச் சொன்னாரு. நீ எடுக்காத ஒவ்வொரு தடவைக்கும் சாத்தினாரு. நீ வந்துருவேன்னு நெனச்சு நானும் கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன்."

கூடத்தில் ஒரு நாளைக்கு எத்தனை ஆட்டுத் தோள்களைக் கழற்றுகிறோம் என்று புல்டோசர் எண்ணியதில்லை. கத்திகூட வேண்டாம். காலைப் பிடித்து வெளிப்பக்கம் ஒரு திருகு, பின்னால் ஒரு தள்ளு, உள்ளே குழியிலிருந்து எலும்பு 'டப்'பென்று தானாக வெளியே வந்து நிற்கும். முன்னறைக்குத் திரும்பி வந்தான். மாப்பிள்ளை எழுந்து, "உக்காந்து பேசலாம் மச்சான்" என்று அவனைத் தடுக்கக் கையை நீட்டினான். கிட்டே வந்த கை அதுதான். இரும்புக் கையுறை அதன் மணிக்கட்டில் விழுந்தது. திருகு. தள்ளு. அதே 'டப்'. ஆடு கத்தாது, செத்ததென்பதால். அந்த வீட்டில் யாரும் கேட்டிராத உயரத்துக்கு மாப்பிள்ளையின் குரல் முதன்முதலாக எழும்பியது. அவன் முழங்காலில் விழுந்தான். சோபாவில் முகம் மோதி உதடு கிழிந்தது, காகிதத்தில் சேர்த்த நகமெல்லாம் தரையில் சிதறியது. கை தோளிலிருந்து அடுத்தவர் கை போலத் தொங்கியது. புல்டோசர் பிடியை விடவில்லை. மூக்கும் கண்ணும் ஒழுக, சின்னப் பிள்ளை மாதிரி விசும்பி அழுதுகொண்டேதான் பிடித்திருந்தான்.

"விடச் சொல்லு!" என்று அலறினான் மாப்பிள்ளை. "உங்கண்ணன விடச் சொல்லு!"

தங்கை அடுக்களை வாசலில் வந்து நின்றிருந்தாள். துண்டு சுற்றிய கையை நெஞ்சோடு அணைத்திருந்தாள். கணவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். தொங்கும் கையைப் பார்த்தாள்.

"அண்ணே" என்றாள். "அது இடது கை."

புல்டோசருக்குப் புரியவில்லை.

"டிராயர வலது கையாலதான் சாத்தினாரு."

மாப்பிள்ளை அலறுவதை நிறுத்தி, வலது கையை மெல்ல முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டான். புல்டோசர் அவனைப் பார்த்தான், தங்கையைப் பார்த்தான். அவள் இடது கையில் அவளுடைய போன் இருந்தது. கட்டைவிரல் பழக்கத்தில் தானாக அழுந்தியதோ, அவளாக அழுத்தினாளோ, தெரியவில்லை. கோட்டுப் பைக்குள் லைட் அடிக்கத் தொடங்கியது. ஆட்டு ரத்தம் ஊறி இன்னும் காயாத துணி அது. அந்த வெள்ளை வெளிச்சம் அதன் வழியே வந்து, திரை மூடிய அறையில், சிவப்பாக மின்னியது. அணைந்தது. மறுபடி மின்னியது.