சீமையில் செய்த சிவப்புக் கல்

ஆபேல் சாவதற்கு முந்தின நாள் என் கையில் ஒரு கல்லை வைத்தான். கொண்டைக்கடலை அளவு இருக்கும். நல்ல நீலம், ஒரு பக்கம் மட்டும் பால் தெளித்தாற்போல மங்கல். இலங்கையில் இரத்தினபுரியில் நாங்கள் வேலை செய்த கல்குழியின் முதலாளி, சம்பளத்துக்குப் பதிலாக அவனுக்குக் கொடுத்தது. காய்ச்சலில் அவன் உதடெல்லாம் வெடித்திருந்தது.

"அண்ணே, இதை ஊருக்குக் கொண்டுபோயி மாத்தி, என் பிள்ளைக்கு ரெண்டு செவப்புக் கல்லு வாங்கும். கம்மலுக்கு. மாப்பிள்ளைக்க அம்மை கேட்டது அது ஒண்ணுதான். கல்லைப் பத்தி ஒமக்குத் தெரிஞ்ச அளவு எனக்குத் தெரியாது."

"போடே. எழும்பி வந்து நீயே வாங்கு."

"எழும்பினா வாங்க மாட்டனா?" என்று சிரித்தான். மறுநாள் அவன் எழும்பவில்லை.

அவன் சொன்னது உண்மை என்றுதான் நானும் நம்பியிருந்தேன். பதினோரு வருஷம் இடுப்பளவு தண்ணீரில் நின்று கூடையில் சரளை அலசியவன் நான். ஆயிரம் கூழாங்கல்லுக்கு நடுவில் ஒரு கல் கிடந்தால் என் கண் அதில் போய் நிற்கும். எடுத்து நாக்கில் வைத்துப் பார்ப்பேன். கல்லென்றால் பனிபோலக் குளிரும், கண்ணாடித் துண்டு உடனே சூடேறிவிடும். பிறகு பாட்டிலில் கீறிப் பார்ப்பேன். பாட்டிலில் கீறல் விழுந்தால் கல். கடைசியில் வெயிலுக்கு நேரே பிடிப்பேன். புள்ளி இல்லாத, கீறல் இல்லாத கல்லைத்தான் முதலாளி தன் பைக்குள் போடுவார். அழுக்கு விழுந்தது எங்களுக்கு. இதுதான் எனக்குத் தெரிந்த கல் படிப்பு.

மற்றப் படிப்பு கிடையாது. அதை யாரிடமும் சொன்னதில்லை. கூலி லயத்தில் ஆபேல்தான் எனக்கு வரும் கடுதாசியை வாசிப்பான். கண் மங்கல் என்று அவனிடம் சொல்லிவைத்திருந்தேன். ஊரில் இருக்கும்போது வேதக்கோவிலில் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உரக்கப் பாடுவேன். எந்தப் பாட்டும் எனக்கு மனப்பாடம். பக்கத்து ஆள் எவ்வளவு தாளைப் புரட்டுகிறான் என்று ஓரக்கண்ணால் பார்த்து, அதே கனத்துக்கு நானும் புரட்டிக்கொள்வேன்.

நாற்பத்தொன்பதாம் வருஷம் புகையிலைச் சுருளுக்குள் நீலத்தை ஒளித்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன். ஆபேலின் பெண்சாதி சத்தியபாய் குழித்துறையில் தென்னோலை முடைந்து பிழைத்துக்கொண்டிருந்தாள். மகள் ஜெபகுமாரியின் கல்யாணத்துக்குப் பத்து நாள் இருந்தது. கல்லை அவளிடம் காட்டிவிட்டு நாகர்கோவிலுக்கு பஸ் ஏறினேன்.

முத்துநாயகம் என்பவரின் கல்கடை. அவர் நீலத்தைக் கண்ணாடி வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னையும் வெகுநேரம் பார்த்தார்.

"மங்கலு கெடக்கே வே."

"தெரியும் மொதலாளி. அதைப் பாக்காதீரும்."

அவர் இரண்டு பொட்டலத்தைப் பிரித்தார். ஒரு சோடியில் சிவப்பு கொஞ்சம் குறைவு. உள்ளே பஞ்சு நூல் போல ஏதோ ஓடியது. ஒன்றின் ஓரத்தில் கருப்பாக ஒரு புள்ளி. மற்றச் சோடி மாதுளை முத்துப்போல் இருந்தது. அதில் ஒரு மாசு மறு கிடையாது.

"ஒம்ம கல்லுக்கு இதுல எது வேணும்னாலும் எடுத்துக்கிடும். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"நீரு சொல்லாண்டாம். நான் குழியில கெடந்தவனாக்கும்."

நாக்கில் வைத்தேன். இரண்டு சோடியும் குளிர்ந்தது. கடை ஓரத்தில் கிடந்த கண்ணாடிச் சில்லில் கீறினேன். இரண்டும் கீறியது. வாசலில் போய் வெயிலுக்குப் பிடித்தேன். மாசில்லாத சோடி ஜொலித்தது. பதினோரு வருஷமாக முதலாளி எடுத்துக்கொண்ட கல்லை ஆபேலின் பிள்ளைக்கு நான் எடுத்தேன். நெஞ்சு நிறைந்துவிட்டது.

அவர் சீட்டு எழுதி நீட்டினார். பழக்கதோஷம், கண்ணுக்கு நேரே பிடித்து மேலிருந்து கீழாகப் பார்த்து, "சரிதான்" என்று தலையாட்டினேன்.

கல்லையும் சீட்டையும் அன்று சாயங்காலமே சத்தியபாய் கையில் கொடுத்தேன். அவள் கல்லைப் பார்த்தாள், சீட்டைப் பார்த்தாள். சீட்டை மட்டும் மடித்துப் பெட்டியில் வைத்தாள். "ஆசாரிகிட்ட நீங்களே கொண்டுபோய்க் குடுங்க அண்ணே" என்றாள். முகத்தில் சந்தோஷம் இல்லை. புருஷன் ஞாபகம் என்று நினைத்துக்கொண்டேன்.

சுயம்புலிங்கம் ஆசாரி கம்மலுக்குப் பொன்னை அடித்து வைத்திருந்தார். கல்லை இடுக்கியில் எடுத்துக் கண்ணாடியை மாட்டியவர், திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்க ஓய் வாங்கினீரு?"

"நாகர்கோவில்ல. ஏன்?"

"வாங்கும்போ கண்ணாடி வெச்சுப் பாத்தீரா?"

"எனக்கு எதுக்குக் கண்ணாடி? நாக்கு போதும்."

"நாக்கு திங்கதுக்கு. இஞ்ச வாரும்." கண்ணாடியை என் கண்ணில் வைத்தார். "கிராமபோன் தட்டு பாத்திருக்கீரா? அதுபோல வளைஞ்ச வரி ஓடுகு பாரும். நடுவுல ஒரு காத்துக் கொமிளி இருக்கு. இது சீமையில அடுப்பு வெச்சு உருக்கிச் செய்யுகது. மண்ணுல வெளைஞ்ச கல்லானா, வரி நேரா ஓடும். உள்ள நூலு கெடக்கும், புள்ளி கெடக்கும். மனுசனுக்கு மச்சம் போல."

"குளுந்துதே! கண்ணாடியைக் கீறிச்சே!"

"குளுரத்தான் செய்யும், கீறத்தான் செய்யும். அதுவும் கல்லுதானே? பொறப்பு வேற. ரெண்டு நாளு தாரும், இன்னொரு ஆள்கிட்ட காட்டிட்டு வாறேன்னு சொல்லணும் ஓய். அதுக்குச் சம்மதிக்காதவன்கிட்ட வாங்கப்படாது. இதுக்கு நீரு என்ன குடுத்தீரு?"

மண்ணுக்குள் யாரும் செய்த கல்லைப் புதைத்து வைப்பதில்லை. என் படிப்பெல்லாம் மண்ணோடு முடிந்த படிப்பு. கையில் வந்த நல்ல கல்லை, புள்ளி கிடக்கிறது என்று தள்ளிவிட்டு வந்திருக்கிறேன்.

மறு பஸ்ஸில் நாகர்கோவிலுக்கு ஓடினேன். முத்துநாயகம் எழும்பவுமில்லை, கோபப்படவுமில்லை.

"நான் ஒளிச்சேனா வே? சீமையில செஞ்ச கல்லுன்னு சீட்டுல எழுதித் தந்தேன். நீரு வாசிச்சு, சரிதான்னு தலையாட்டினீரு. ரெண்டையும் முன்ன வெச்சேன், நீருதானே எடுத்தீரு?"

"அந்தப் புள்ளி விழுந்த சோடியைத் தாரும் மொதலாளி. இல்லேன்னா நீலத்தைத் தாரும். செத்தவனுக்க கல்லு அது."

"நீலம் கொல்லத்துக்குப் போயாச்சு."

"நான் இஞ்ச கெடந்து வேலை செய்யுகேன். ஒரு வருசம், ரெண்டு வருசம். சோறு மட்டும் போட்டாப் போதும்."

"எனக்குக் கண்ணுள்ள ஆளுதான் வேணும்" என்று அடுத்த ஆளைப் பார்த்தார்.

பஸ்ஸுக்குக் காசில்லை. நடந்தே வந்தேன். மறுநாள் விடிந்தபோது குழித்துறைப் பாலத்தில் நின்றேன். ஆறு கலங்கி நிறையப் போய்க்கொண்டிருந்தது. கைப்பிடிச் சுவரில் ஒரு காலைக்கூட வைத்துவிட்டேன். கல் மடியில் இருந்தது. நான் விழுந்தால் அந்தப் பொய்க்கல்லும் பிள்ளைக்கு இல்லாமல் போகும். காலை இறக்கினேன்.

சத்தியபாய் முற்றத்தில் ஓலை முடைந்துகொண்டிருந்தாள். அவள் முன்னால் தரையில் உட்கார்ந்து சொன்னேன்.

"தங்கச்சி, கல்லு செஞ்ச கல்லு. நான் ஏமாந்துட்டேன்."

அவள் கை நிற்கவில்லை. "தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"நீங்க சீட்டைத் தந்த அண்ணைக்கே தெரியும். அதுல எழுதியிருக்கே."

"அப்பம் ஏன் ஒண்ணும் கேக்கல்ல?"

"என்ன கேக்கணும்? நீலத்தை வித்த மிச்சத்தை எங்க வெச்சிருக்கீங்கன்னா? அப்பன் இல்லாத பிள்ளைக்குக் கல்யாணம். ஊரு அறிஞ்சா மாப்பிள்ளைக்க அம்மை திரும்பிப் போயிருவா. அதான் வாயத் திறந்து மிண்டல்ல."

"ஐயோ, மிச்சம் ஒண்ணும் இல்ல. எனக்கு வாசிக்கத் தெரியாது!"

பிறந்ததிலிருந்து அன்றுதான் அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஞாயித்துக்கெழமை புஸ்தகத்தைத் திறந்து வெச்சுப் பாடுகது ஆரு? ஒங்க தம்பியா?"

"மனப்பாடமாக்கும்."

"அவரு கடுதாசில எழுதியிருக்காரே, அண்ணனுக்குக் கண்ணு மங்கல், அதனால நான் வாசிச்சுக் குடுக்கேன்னு. கண்ணு மங்கின ஆளு அண்ணைக்குக் கல்லு பாத்து வாங்கினீங்களோ?" அவள் உள்ளே போய்ச் சீட்டைக் கொண்டுவந்து என்மேல் எறிந்தாள். "கொண்டு போங்க. கல்யாணம் முடியது வரைக்கும் யாருகிட்டயும் வாயத் திறக்கப்படாது. ஆபேலுக்காக இதையாவது செய்யுங்க."

ஆசாரியும் வாயைத் திறக்கவில்லை. கம்மல் ஏறியது. கோவிலில் மாப்பிள்ளையின் அம்மை ஜெபகுமாரியின் காதைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, "நல்ல தெளிஞ்ச கல்லு" என்று எல்லாரும் கேட்கச் சொன்னாள். அன்று நான் புத்தகத்தைத் திறக்கவில்லை. பாடவுமில்லை. சத்தியபாய் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதன்பிறகு மார்த்தாண்டம் சந்தையில் சுமடு தூக்கிப் பிழைத்தேன். சாயங்காலம் மிஷன்காரர் நடத்தின படிப்புக்குப் போனேன். முதுகு வலியோடு 'அ' எழுதினேன். வாத்தியார் எந்தப் பாடத்தைத் தந்தாலும், நான் அந்தச் சீட்டின் எழுத்தைத்தான் அதில் தேடுவேன். நாலு வருஷம் ஆயிற்று.

ஒருநாள் சீட்டை எடுத்துக்கொண்டு சத்தியபாய் வீட்டுக்குப் போனேன். அவள் அதே முற்றத்தில் ஓலை முடைந்துகொண்டிருந்தாள். தலை நரைத்திருந்தது. நின்றபடியே, விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டு வாசித்தேன்.

"சீ... மை... யில்... செய்த... சிவப்புக்... கல்... இரண்டு."

இப்போதுதான் படித்தேன், அன்றைக்கு இது எனக்கு வெறும் மை என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் ஓலையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்:

"வாசிக்கத் தெரியும்னு இப்பமாவது ஒத்துக்கிட்டீங்களே, அண்ணே."