வாரன்டியைக் காப்பாற்றப் போன கெண்டி

"ஆரஞ்சு உரிச்சா தோலை மட்டும் குப்பையில போடுறீங்க, ஸ்டிக்கரை ஏன் கண்ட இடத்துல ஒட்டுறீங்க? கண்ணாடியில ஒண்ணு, ஃபிரிட்ஜில நாலு!"

"அதை விடும்மா. லேப்டாப்புக்குப் புது ராம், அதான் மெமரி, போடுறதைப் பத்திப் பேசு. லேப்டாப்பை ஆன் பண்ணிட்டுக் குளிச்சுட்டு வந்தாலும் இன்னும் சுத்திக்கிட்டே இருக்கு."

"ஒண்ணும் வேணாம். ஸ்பேஸ் பட்டன் வேலை செய்யல, வக்கீல் லெட்டரெல்லாம் ஒரே வார்த்தையா போகுது. வெள்ளிக்கிழமையோட வாரன்டி முடியுது, அதுக்கு முன்னாடி சர்வீஸுக்குக் கொடுக்கணும். அதுக்குள்ள நீங்க கையை வெச்சுக் கெடுத்தீங்க, உங்க பைக்கை வித்துத்தான் புது லேப்டாப். ஆமா!"

வக்கீல்களுக்கு வீட்டிலிருந்தே டைப் அடித்துக் கொடுப்பவர் மனைவி. கணவர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். "மெதுவா, மெதுவா" என்று கத்தியே தொண்டை கட்டிப்போன மனுஷன். அவர் கைபட்டுக் கெட்டுப்போகும் என்றால் பொறுப்பாரா? மறுநாள் மனைவி வெளியே கிளம்பியதும் லேப்டாப்பைக் கவிழ்த்தார். புது ராம் சட்டைப்பையில் தயார்.

அடியில் எட்டு ஸ்க்ரூ. ஒன்றின் மேல் முட்டை வடிவில் ஒரு ஸ்டிக்கர், பொடி எழுத்தில் நாலு எண். மூக்குக்கண்ணாடி எங்கேயோ கிடந்தது.

'கம்பெனி சீல். கிழிஞ்சா பைக் போச்சு.'

கெண்டியில் தண்ணீர் கொதிக்கவைத்து, லேப்டாப்பை மேலே பிடித்து இருபது நிமிஷம் ஆவி காட்டினார். மனைவி புருவம் திருத்தும் இடுக்கியால், நகக்கீறல் படாமல் ஸ்டிக்கரை எடுத்தார். பறந்துவிடாமல் ஃபேனை நிறுத்தினார். ராம் 'டிக்'கென்று உட்கார்ந்தது. ஸ்டிக்கர் பழைய இடத்துக்கே போனது. லேப்டாப் என்னமாய்ப் பறந்தது! மனைவிக்குத் தெரியாமல் மாஸ்டர் தன் தோளைத் தானே தட்டிக்கொண்டார்.

வியாழக்கிழமை சர்வீஸ் சென்டரில், கவுன்டர் பெண் ஸ்டிக்கரை உரித்துவிட்டு, அடிமூடியைக் கழற்றிப் பார்த்தாள்.

"ராம் நீங்களே போட்டீங்களா சார்?"

மாஸ்டர் உரித்த ஸ்டிக்கரைக் காட்டினார். "சீல் அப்படியேதானேம்மா இருந்துச்சு?"

"எங்க கம்பெனியில சீலே ஒட்டுறதில்ல சார். இந்த மாடலுக்கு ராம் தாராளமா நீங்களே மாத்தலாம், கூட வந்த புத்தகத்துலயே படம் போட்டிருக்கு. இது ஆரஞ்சுப்பழ ஸ்டிக்கர்."

மாஸ்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"ஆனா உள்ள இருக்கிற இந்த வெள்ளைப் புள்ளி சிவந்திருக்கே. தண்ணி பட்டாத்தான் சிவக்கும். தண்ணி பட்டதுக்கு வாரன்டி கிடையாது. என்ன சார் பண்ணீங்க?"

"ஆவி பிடிச்சேன்."

"சளியா சார்?"

"எனக்கில்லம்மா. லேப்டாப்புக்கு."

இப்போது மாஸ்டர் சர்வீஸ் சென்டர் வாசலில், பைக் சீட்டைத் தடவிக்கொண்டு நிற்கிறார். உங்களில் யாராவது ஆவி பட்ட லேப்டாப்புக்கு வாரன்டி வாங்கியிருந்தால், எப்படி என்று தயவுசெய்து பதில் போடுங்கள். வாங்காதவர்கள், வீட்டுக்குப் போய் எந்த வார்த்தையில் ஆரம்பிக்கலாம் என்றாவது சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம், நாலாவது தடவையாக போன் அடிக்கிறது.