இடது பக்கம் இழுக்கும் வண்டி

மகளுக்குக் காய்ச்சல் கொதித்தது. வெளியே மழை, ஆஸ்பத்திரிக்கு ஸ்கூட்டரில் கூட்டிப்போக வழியில்லை. வீட்டுக்காரர் அன்றைக்கு நண்பரின் வண்டியில் வேலைக்குப் போயிருந்ததால் எங்கள் கார் வாசலிலேயே நின்றது. அதன் சாவியை எனக்குத் தருவதென்றால் அவருக்குச் சொத்தையே எழுதித் தருகிற மாதிரி. "உனக்கு அந்த வண்டி சரிப்படாது" என்பார். கேட்டால்தானே மறுப்பார்? மகளைப் பின்சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

தெருமுனை தாண்டும்போதே வண்டி இடது பக்கம் இழுத்தது. ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடித்துப் பிடித்தால்தான் நேராகப் போனது. சக்கர அலைன்மென்ட் சரியில்லை போல. மனிதர் வாரம் தவறாமல் வண்டியைத் துடைத்துத் துடைத்துப் பளபளப்பாக வைப்பார், இதைப் பார்க்க மாட்டார். மனசுக்குள் திட்டிக்கொண்டே ஓட்டினேன்.

பாலத்தில் ஏறினேன். ஸ்டியரிங்கைத் திருப்புகிறேன், வண்டி கேட்கவில்லை. கை அது பாட்டுக்குத் திரும்புகிறது, சக்கரம் அது பாட்டுக்குப் போகிறது. பிறகு கீழே 'டக்' என்று ஏதோ இடித்து, வண்டி வெடுக்கென்று திரும்பியது. இடது பக்கம் இடுப்பளவுச் சுவர், அதற்குக் கீழே ஆறு. ஒதுங்கி நிற்க இடமில்லை. பின்னால் ஒரு லாரிக்காரன் ஹாரனை விடாமல் அடிக்கிறான்.

"பாப்பா, அப்பாவுக்குப் போன் போடு. ஸ்பீக்கர்ல போடு."

"என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல, போடு." என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

அவர் எடுத்ததும் பாலம், ஸ்டியரிங், மழை என்று வாய்க்கு வந்ததை உளறினேன். யாரைக் கேட்டு எடுத்தாய் என்று கத்துவார் என்றுதான் நினைத்தேன். கத்தவில்லை. அதில்தான் எனக்கு உயிரே போனது.

"பாப்பா எந்தப் பக்கம் இருக்கா?" என்றார்.

"என்னங்க கேக்கறீங்க இப்ப?"

"இடது பக்கமா? வலது பக்கம் நகரச் சொல்லு. உன் சீட்டுக்குப் பின்னாடி. சீக்கிரம்!"

நான் சொல்வதற்குள் அவளே நகர்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டாள்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"போன மாசம் அலைன்மென்ட் பாக்கப் போனப்ப மெக்கானிக் சொன்னான். சக்கரத்தைத் திருப்புற டை ராட் தேஞ்சுபோச்சு, எப்ப வேணா கழண்டுக்கும்னான். இவனுங்க இப்படித்தான் பூச்சாண்டி காட்டுவானுங்கன்னு விட்டுட்டேன். நீ மெதுவா வா. ரெண்டு கையாலயும் கெட்டியா புடி. போனை வெச்சிடாத."

நாலு விளக்கையும் சிமிட்டவிட்டு ஊர்ந்தேன். லாரிக்காரனுக்கு ஒருவழியாகப் புரிந்து ஹாரனை நிறுத்தினான். இழுக்க, நான் ஒடிக்க, கேட்காமல் போக, 'டக்'. ஒவ்வொரு 'டக்'குக்கும் சுவர் ஒரு முழம் கிட்டே வந்தது. தெரிந்த சாமி, தெரியாத சாமி எல்லாரையும் கூப்பிட்டேன். பாலம் முடிந்து மண்தரையில் இறக்கியபோது கீழே 'படார்' என்றது. ஸ்டியரிங் காற்றில் சுற்றுவதுபோல் லேசாகிவிட்டது. எப்படியோ பிரேக்கை மிதித்தேன். இறங்கிப் பார்த்தால், இடது முன்சக்கரம் மட்டும் வேறு திசையைப் பார்த்துக்கொண்டு நின்றது.

மகளை அள்ளிக்கொண்டேன். உடம்பு நெருப்பாகச் சுட்டது.

"பயப்படாதம்மா," என்றாள். "நான் இந்தப் பக்கம்தானே இருந்தேன். வண்டி இடிச்சா இடது பக்கம்தான் இடிக்குமாம். அதான் அப்பா இப்பல்லாம் என்னை அவருக்குப் பின்னாடியே உட்கார வைக்கிறாரு. உன்கிட்ட சொன்னா பயந்துடுவியாம்."

அவள் கையிலிருந்த போனில் அவர், "நின்னுட்டியா? நின்னுட்டியா?" என்று அழாத குறையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

போன மாதத்திலிருந்து மூன்று பேரும் இந்த வண்டியில்தான் கடைக்கும் கல்யாணத்துக்கும் போய்வந்தோம். அவர் ஓட்ட, மகள் அவருக்குப் பின்னால், நான் அவருக்குப் பக்கத்து சீட்டில். பாலத்தில் வராத அழுகை எனக்கு அப்போதுதான் வந்தது.

"நின்னுட்டேன்," என்றேன். "நான் எந்தப் பக்கங்க உட்காருவேன்?"