கரையாத படிகாரம்

“கரையாத படிகாரத்தை ஆர் அண்ணை கடையில வைச்சு விக்கிறது? கல்லை உடைச்சுச் சுத்திக் குடுத்தனீங்களோ?”

கடை வாசலில் நின்று கடைக்கார மயில்வாகனத்தாரைப் பிடித்து உலுப்பிக்கொண்டிருந்தவர் என் பக்கத்து வீட்டு இரஞ்சிதம். அவரது உள்ளங்கையில் அழுக்கு வெள்ளையாய் ஒரு துண்டு. வெள்ளத்துக்குப் பிறகு உருத்திரபுரத்தில் எல்லார் கிணறும் கலங்கல். தண்ணீரைத் தெளிய வைக்கப் படிகாரம் வாங்கிவரும்படி புருசன் நடராசாவை அனுப்பியிருந்தார். அவர் கொண்டுவந்து கொடுத்த கட்டி இரவு முழுக்க வாளிக்குள் கிடந்தும் கரையவில்லை. தேசிக்காய்ப் புளி விட்டுப் பார்த்தாராம், வினாகிரியும் விட்டாராம். இரஞ்சிதத்துக்கு மசியாத சாமானும் ஒன்று ஊரில் இருக்கிறதென்று அன்றைக்குத்தான் அறிந்தோம்.

வெள்ளத்துக்குப் பிறகு கடைக்குப் படிகாரமே வரவில்லை என்று மயில்வாகனத்தார் சத்தியம் பண்ணினார். எல்லோரும் நடராசாவைப் பார்த்தோம். அவர் நிலத்தைப் பார்த்தார். வெறுங்கையோடு போனால் வீட்டில் ஏச்சு விழுமென்று, வாய்க்கால் துப்புரவாக்கும்போது கிடந்த கட்டியைப் பேப்பரில் சுற்றிக் கொடுத்துவிட்டாராம். கடையே சிரித்தது.

சவர்க்காரம் வாங்க வந்த சுமித்திரா மட்டும் சிரிக்கவில்லை. கண்ணிவெடி அகற்றும் வேலைக்குப் போகிற பிள்ளை. மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம் என்று, இரஞ்சிதம் அவளை ஒருநாளும் படலை தாண்ட விட்டதில்லை. அவள் அந்தத் துண்டைத் தொடாமல் குனிந்து பார்த்தாள்.

“அன்ரி, கையை மூடாதேங்கோ. மெதுவா நிலத்தில வையுங்கோ. மிச்சம் எங்க?”

“அடுப்பில. சுடுதண்ணியில எண்டாலும் கரையுமெண்டு... என்ர மகள் மேனுகா கிண்டிக்கொண்டு நிக்கிறாள்.”

“சண்டை முடிஞ்சு இவ்வளவு வருச மழைக்கும் கரையாத சாமான், அன்ரி. இது வெடிமருந்து.”

எங்களை எட்டப் போகச் சொல்லிவிட்டு அவள் அந்த வீட்டுக்குப் போனாள். நான் வேலியடியில் நின்றுவிட்டேன். தைரியமென்று நினைக்கவேண்டாம், ஒரு மரத்துக்குப் பின்னால்தான். குசினி யன்னலால் மேனுகா தெரிந்தாள்.

“கிண்டாத. அகப்பையை அப்படியே விட்டிட்டு என்னட்ட வா,” என்றாள் சுமித்திரா, வாசலில் நின்று.

மேனுகாவின் விரல்கள் விடவில்லை. அடுப்பில் ஒரு விறகு படீரென்று தெறித்தது. பின்னால், இரஞ்சிதம் றோட்டிலேயே குந்திவிட்டார்.

சுமித்திரா உள்ளே போனாள். விரல்களை ஒவ்வொன்றாய்ப் பிரித்து, சட்டியில் படாமல் மேனுகாவைப் பின்கதவால் கூட்டிவந்தாள். அடுப்புத் தானாக அணையும்வரை ஒருவரும் கிட்டப் போகவில்லை. பிறகு அவளோடு வேலை செய்கிறவர்கள் வந்து சட்டி, வாளி எல்லாவற்றையும் கொண்டுபோனார்கள். கரையாவிட்டாலும் தண்ணீருக்குள் கொஞ்சம் நஞ்சு விட்டிருக்குமாம்.

அடுத்த ஆவணியில் மேனுகா, சுமித்திராவின் தம்பி நிஷாந்தனைக் கட்டிக்கொண்டு, அவன் வேலை செய்கிற ஜெயபுரத்துக்குப் போனாள். இரஞ்சிதம் குதித்துப் பார்த்தார். “குசினிக்குள்ள வந்து பிள்ளையைக் கொண்டுவந்தவளை இனிப் படலையில நிப்பாட்டேலாது,” என்று நடராசா சொன்னார். அந்த மனிசன் மனைவிக்கு மறுத்துப் பேசியது அதுதான் முதல்தரம். சுமித்திரா வேலையோடு முல்லைத்தீவுக்கு மாறிவிட்டாள். நடராசாவோ, கடையில் ஒரு சாமான் இல்லையென்றால், சாட்சிக்கு மயில்வாகனத்தாரையே வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறார்.