எழுந்து வந்தவளும் எழுதிக்கொண்டிருந்தவர்களும்

நான்காவது மாதிரித் தேர்வு முடிந்து மணி அடித்ததும் தையல்காரியின் மகள் பென்சிலை டப்பாவில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். வராமல் அதே பெஞ்சில் உட்கார்ந்து எழுதிக்கொண்டும் இருந்தாள். பயிற்சி மையத்தைப் பூட்ட வந்த காவலாளி, மூன்றாவது வரிசையில் பிள்ளை இன்னும் இருக்கிறதே என்று தையல்காரிக்குப் போன் போட்டார். மகளோ அடுப்படியில் நின்று பால் குடித்துக்கொண்டிருந்தாள். தையல்காரி மெஷினை நிறுத்திவிட்டுப் போய்ப் பார்த்தாள். அதே ஒற்றைப் பின்னல், காதோரம் அதே மச்சம், போன வாரம் அவளே தைத்துக் கொடுத்த அதே நீலச் சட்டை. அந்தப் பிள்ளை தலை நிமிராமல், "இன்னும் எவ்ளோ நேரம் இருக்கு?" என்று மட்டும் கேட்டது.

மையத்தை நடத்தியவருக்கு நிமிஷம் சார் என்று பெயர் விழுந்திருந்தது. கழுத்தில் ஸ்டாப்வாட்ச் தொங்கவிட்டுக்கொண்டு, ஒரு கேள்விக்கு நாற்பத்தைந்து விநாடி என்று பிள்ளைகளைப் பழக்குகிறவர். அவர் பதறவில்லை. "போன வருஷமும் ரெண்டு பேருக்கு இப்படி ஆச்சும்மா. பயப்படாதீங்க. எழுந்து போறது சுமாரா இருக்கும். உட்கார்ந்திருக்கிறதுதான் கெட்டி" என்றார். இருவர் விடைத்தாளையும் திருத்திப் பார்த்ததில் அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

ஆற்றுக்கு அக்கரையில் இருந்த பள்ளிக்கு ஆண்டுக்கு இரண்டாயிரம் பிள்ளைகள் நுழைவுத் தேர்வு எழுதினார்கள். அறுபது பேரை எடுத்தார்கள். தையல்காரி பதினோரு வருடமாக அந்தப் பள்ளிச் சீருடையைத்தான் தைத்துவந்தாள். யார் யார் வீட்டுப் பிள்ளைகளின் தோளுக்கோ அளவெடுத்து, காலர் வைத்து, பாக்கெட்டில் முத்திரை பிடித்து அனுப்பிக்கொண்டே இருந்தவளுக்கு, ஒரே ஒரு சட்டையை வீட்டுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசை எப்போது வந்ததென்று தெரியவில்லை. வந்த பிறகு அது போகவில்லை.

அதனால் சனிக்கிழமைதோறும் மகளை அனுப்பினாள். சனிக்கிழமைதோறும் ஒருத்தி திரும்பி வந்தாள், ஒருத்தி அங்கேயே தங்கினாள். தங்கியவர்களின் மதிப்பெண் எழுபது, எண்பத்திரண்டு, தொண்ணூற்று நான்கு என்று ஏறியது. வந்தவளின் மதிப்பெண் ஐம்பது, நாற்பத்தொன்று, இருபத்தெட்டு என்று இறங்கியது. வேகத்தை ஒரு வாரம் விட்டுவிட்டு வந்தாள், வாய்ப்பாட்டை இன்னொரு வாரம். ஆனால் வெட்டுத் துணியில் வால் செய்து, பஸ் ஓட்டும் அப்பாவின் சட்டைக்குப் பின்னால் ஊக்கு குத்தி அனுப்பும் குறும்பை மட்டும் எங்கேயும் விடவில்லை. அவர் ஒரு நாள் முழுக்க வாலோடு வண்டி ஓட்டினார். தையல்காரி அவளைத் திட்டித் தீர்த்தாள். "அவளே எழுதட்டும்மா. அவளுக்குத்தான் அது பிடிச்சிருக்கு" என்றாள் மகள், திட்டு உறைக்காதவள் மாதிரி.

இருபத்திரண்டாவது மாதிரித் தேர்வோடு பயிற்சி முடிந்தது. மையத்தில் பத்தொன்பது பேர் இருந்தார்கள். நுழைவுச் சீட்டு ஒன்றுதான் வந்தது. தேர்வு நாள் காலையில் மகள் தானே தலை பின்னிக்கொண்டு, தண்ணீர் பாட்டிலை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். தையல்காரி செருப்பை மாட்டியபடி, "நீ வீட்ல இரு" என்றாள்.

"அது என் சீட்டுதானேம்மா?"

"ஆமா."

"என் போட்டோ ஒட்டியிருக்கே."

"அவளுக்கும் அதே மூஞ்சிதான்."

மகள் அழவில்லை. பாட்டிலைக் கழற்றி அம்மாவிடம் நீட்டினாள். அங்கே அவளுக்குத் தாகம் எடுக்கும் என்றாள். தையல்காரி அதை வாங்கிக்கொண்டு போய், கடைசி வாரம் தங்கி, கடைசி வரிசையில் இருந்தவளைக் கையைப் பிடித்து எழுப்பி, அக்கரைக்குக் கூட்டிப் போனாள். அந்தப் பிள்ளை அறுபதில் நான்காவதாக வந்தது.

சீருடைக்கு அளவெடுத்தபோதுதான் தையல்காரி முதன்முதலாக அந்தப் பிள்ளையை உற்றுப் பார்த்தாள். கையைத் தூக்கு என்றால் தூக்கியது. இறக்கு என்று சொல்லாததால் டேப்பைச் சுருட்டிய பிறகும் தூக்கியபடியே நின்றது. சாப்பிட உட்கார்ந்தால் ஆறு நிமிடத்தில் முடித்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு மணிக்குக் காத்திருந்தது. தையல்காரியை மேடம் என்று கூப்பிட்டது. ஒரு நாள் மகள் அதன் பக்கத்தில் போய், "உனக்கு என்ன கலர் பிடிக்கும்?" என்று கேட்டாள். அது கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஆப்ஷன் சொல்லு" என்றது. பஸ்காரர் வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுபோக, தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனார்.

அடுத்த வாரம் நிமிஷம் சார் போன் செய்தார். புதிய வகுப்பு தொடங்குகிறது, பெஞ்சு வேண்டும், மீதிப் பேரைக் கூட்டிப் போங்கள் என்றார். தையல்காரி போய் நின்றபோது பதினெட்டு பேரும் பழைய வினாத்தாளையே திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தார்கள். மாதக்கணக்கில் பிடித்த பென்சிலால் அத்தனை பேருக்கும் நடுவிரலில் காய்ப்பு. ஒவ்வொருத்தியின் விரலையும் நீவிவிட்டாள். "போதும், கண்ணு. டைம் முடிஞ்சுது" என்றாள். யாரும் அவர்களிடம் அப்படிச் சொன்னதே இல்லை போல, பதினெட்டு பேரும் ஒரே சமயத்தில் பென்சிலைக் கீழே வைத்தார்கள். பஸ்காரர் வண்டியை மையத்தின் வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்தினார். ஜன்னலோரம் யாருக்கு என்று ஒருத்திகூடச் சண்டை போடவில்லை என்பதை அவர் பிறகு பல நாள் சொல்லிச் சொல்லி வருத்தப்பட்டார்.

இப்போது அந்த வீட்டில் இருபது பெண்கள். கணக்கெடுக்க வந்த அலுவலர் ஒரே பெயரை இருபது தடவை எழுதிவிட்டு, கை வலிக்கிறது என்று தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டுப் போனார். ஒருத்தி மட்டும் அக்கரைப் பள்ளிக்குப் போகிறாள். மற்றவர்கள் தெருக்கோடிப் பள்ளிக்கு. அங்கே அவர்களுக்கென்றே ஒரு வகுப்பறையை ஒதுக்கிவிட்டார்கள். தையல்காரி ஒரே அளவில் இருபது சட்டை வெட்டுகிறாள், துணி வீணாவதில்லை. சாப்பாட்டு வேளையில் அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பத்தொன்பது பேர் கை தூக்கி, "உள்ளேன் மேடம்" என்கிறார்கள். ஒருத்தி மட்டும் வெட்டுத் துணியை விரலில் சுற்றியபடி, காது கேட்காதவள் மாதிரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தையல்காரி கரண்டியை வைத்துவிட்டு அவளிடம் போய், பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, இன்னொரு தடவை மெதுவாகக் கூப்பிடுவாள். சில நாள் அவள் திரும்புகிறாள்.